மடியில் கனம் வேண்டாம்!



இந்த வாரம் வந்த கடிதக் கட்டில், திருச்சியிலிருந்து ஒரு மாமியார் தம் மருமகளைப் பற்றி எழுதியிருந்தார். மாமியார் மருமகளைப் பற்றி எழுதினால், "சரிதான், என்ன குறையோ!" என்றுதானே பிரிக்கும்போதே தோன்றும்? அப்படி ஒன்றும் இல்லை. மருமகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று விசாரித்திருக்கிறார். படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

விவரம் இதுதான். மருமகளுக்கு 32 வயது. ஆறு வயதில் ஒரு பிள்ளை. சரித்திரத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். தஞ்சை ஜில்லாவில் வெள்ளைக்காரர் காலத்து வாய்க்கால், மதகு, தண்ணீர்த் தகராறு பற்றிய பழைய காகிதங்களையெல்லாம் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். மாதம் இரண்டு தடவை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகிறாள். அடுத்தபடியாக மூன்று மாதம் லண்டனுக்குப் போகப் போகிறாள். வீட்டில் கணினி இல்லாமல் இல்லை, ஒன்று இருக்கிறது. பகலில் பிள்ளைக்குப் பாடம், மாலையில் அதே பிள்ளைக்கு விளையாட்டு, இரவில் பிள்ளையின் தகப்பனாருக்கு ஆபீஸ் வேலை.

"எல்லோரும் படுத்த பிறகு அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். காலையில் பார்த்தால் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. வீட்டில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்கிறான் என் மகன். இவளோ வாயைத் திறந்து கேட்க மாட்டேன் என்கிறாள். நீங்களே சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்த அம்மாள்.

சொல்லத்தான் போகிறேன், அம்மா. முதலில் தங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாதஸ்வர வித்வானிடம் போய், "வாத்தியம் பொதுவாக ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் ஊதி முடித்தபின் ராத்திரி பதினோரு மணிக்குமேல் தாங்கள் எடுத்து சாதகம் செய்து கொள்ளலாம்" என்று சொல்வோமா? ஆராய்ச்சி செய்கிறவளுக்குக் கணினிதான் வாத்தியம். படித்த புத்தகங்களின் குறிப்பு அதில் இருக்கிறது. எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. நாலு வருஷத்து உழைப்பு முழுவதும் அதில் இருக்கிறது. பிள்ளை விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்தினாலும், ஒரு டம்ளர் பால் அதன்மேல் சாய்ந்தாலும், நஷ்டம் யாருக்கு?

பணம்? அதையும் பார்த்து விடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு கொடுக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. அந்தத் தொகை வாங்குகிறவர்களுக்கே 80,000 ரூபாய்க் கணினி என்றால் ஏறக்குறைய இரண்டு மாத வருமானம் ஆகிவிடுகிறது. அது கிடைக்காதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்து வாங்கினால் ஐந்து வருஷம் உழைக்கும். அப்படிப் பங்கிட்டால் 80,000 ரூபாய் மாதத்துக்கு 1,333 ரூபாய் ஆகிறது. ஐந்து வருஷம் உழைக்கும்படியாகப் பார்த்து வாங்குவது எப்படி என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

திருவண்ணாமலையில் வளர்ந்த பிள்ளை

"மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயமில்லை" என்பார்கள் நம் பெரியவர்கள். மடிக்கணினிக்கென்றே சொல்லி வைத்த மாதிரி இல்லையா?

எடுத்துப் போகக்கூடிய கணினி என்று முதன்முதலாக வெற்றிகரமாக விற்ற இயந்திரம் 1981-ல் அமெரிக்காவில் வந்தது. அதன் பெயர் ஆஸ்போர்ன் 1. அதைச் செய்து விற்றவர் ஆடம் ஆஸ்போர்ன். இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது! 1939-ல் பாங்காக்கில் பிறந்த இவர், ரமண மகரிஷியின் பக்தரும் நூலாசிரியருமான ஆர்தர் ஆஸ்போர்னின் புதல்வர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது தகப்பனார் ஜப்பானியரிடம் அகப்பட்டுச் சிறையிருந்தார். அந்தச் சமயத்தில் தாயாரோடு திருவண்ணாமலையில் இருந்த குழந்தை இவர். அருணாசல மலையடிவாரத்தில் ஓடி விளையாடிய பிள்ளைதான் பிற்காலத்தில் கணினியைக் கையில் தூக்கிப் போகும்படி செய்தார். கடைசி நாட்களைக் கொடைக்கானலில் கழித்து, 2003-ல் அங்கேயே காலமானார்.

அவருடைய அந்தக் கணினியைத் தூக்கிப் போகலாம் என்பது வாஸ்தவம். ஆனால் அதன் எடை சுமார் 11 கிலோ! பார்ப்பதற்குக் கையில் தூக்கும் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். திரையின் அளவு 5 அங்குலம். விலை 1,795 டாலர். 2008-ல் ஆப்பிள் கம்பெனியார் ஒரு காகித உறைக்குள்ளிருந்து 1.36 கிலோ எடையுள்ள கணினியை உருவிக் காட்டி உலகத்தை வாய் பிளக்க வைத்தார்கள். இன்று ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவான கணினிகளும் கிடைக்கின்றன.

ஆகவே, பிரயாணம் செய்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எடை என்ன?" என்பதே. அதற்கு அடுத்த கேள்வி, "சார்ஜருடன் சேர்த்து எடை என்ன?" என்பது. இந்த இரண்டாவது கேள்வியைக் கடைக்காரர் எதிர்பார்க்கவே மாட்டார்! சில பெரிய கணினிகள் 2.3 கிலோ இருக்கும். அதற்குச் செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், அது முக்கால் கிலோ. ஆக மொத்தம் மூன்று கிலோ. நம் நாட்டு விமானங்களில் கையோடு எடுத்துப் போகும் பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. கணினியே மூன்று கிலோவைச் சாப்பிட்டு விட்டால், மாற்றுப் புடவை எங்கே, மருந்து எங்கே, புளியோதரைப் பொட்டலம்தான் எங்கே?

சார்ஜரோடு சேர்த்து ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோவுக்குள் இருக்கட்டும். அரைக் கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஆண்பிள்ளைகள் சொல்வார்கள். தண்ணீர்ப் புட்டியும் குடையும் நோட்டுப் புத்தகமும் மத்தியானச் சாப்பாடும் அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் நிலையப் படிக்கட்டு ஏறுகிறவளுக்குத்தான் அரைக் கிலோ தெரியும்.

கையும் கண்ணும் சொல்லட்டும்

புடவைக் கடையில் நாம் விளம்பரத்தைப் பார்த்துப் புடவை எடுப்பதில்லை. தொட்டுப் பார்க்கிறோம், பிரித்துப் பார்க்கிறோம், வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் நிறம் பார்க்கிறோம். கணினிக்கு மட்டும் ஏன் கூச்சம்?

கடையில் உட்கார்ந்து முழுசாக ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்காரி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை பொத்தான்களைத் தட்டுகிறாள். பொத்தான் ஆழம் போதாமல் கல்லைத் தட்டுவது போல் இருந்தால் மாலையில் விரல் நோகும். தமிழில் எழுதுகிறவர்கள் தமிழிலும் அடித்துப் பார்க்கட்டும். 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ் 99 விசைப்பலகை, விண்டோஸ், ஆப்பிள் இரண்டு வகைக் கணினியிலும் கூடவே வருகிறது. தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழ், வேறு கணினியில் திறந்தால் கொக்கி கொக்கியாகத் தெரியும். யூனிகோடில் அடித்தது திருச்சியிலும் தமிழாகத் தெரியும், லண்டனிலும் தமிழாகவே தெரியும்.

திரை 13 அல்லது 14 அங்குலம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் எடை ஏறும், சிறிதானால் கண்ணுக்குச் சிரமம். நீள அகலத்தையும் கவனியுங்கள். 16-க்கு 9 என்று இருப்பது சினிமா பார்க்கச் சௌகரியம். 16-க்கு 10 என்று இருப்பது படிக்கச் சௌகரியம், ஏனென்றால் பக்கத்தில் இரண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரியும். திரையின் வெளிச்சத்தை "நிட்ஸ்" என்ற அளவில் சொல்வார்கள். 300-க்குக் குறையக் கூடாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு 400 இருந்தால் நல்லது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் திரையில் நம் முகமும் பின்னால் எரியும் விளக்குமே தெரியும். மங்கலான பூச்சுள்ள திரைதான் படிக்கிறவர்களுக்குத் தோழி.

இன்னொன்று, சத்தம். ஆவணக்காப்பகங்களில் ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே "ஹோ" என்று காற்றாடி சுழலும் கணினியைத் திறந்தால் சுற்றியுள்ள தலைகளெல்லாம் திரும்பும். காற்றாடியே இல்லாத கணினிகளும் இருக்கின்றன. எழுத்து வேலைக்கு அவை தாராளம்.

அடுப்பு, மேடை, சாமான் அறை

கடைக்காரர் இனிமேல்தான் ஜி.பி., ஜிகாஹெர்ட்ஸ் என்று அடுக்க ஆரம்பிப்பார். பயப்படாதீர்கள். சமையலறையை நினைத்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும்.

பிராசஸர் என்பது அடுப்பு. ராம் என்கிற நினைவகம் அடுப்பு மேடை. எஸ்.எஸ்.டி. என்கிற சேமிப்பகம் சாமான் அறை. நம்மில் பலர் அடுப்பைப் பற்றியே கவலைப்படுகிறோம். உண்மையில் இடைஞ்சல் வருவது மேடையில்தான். ஒரே சமயத்தில் இருபது பழைய ரிக்கார்டுகளின் படங்கள், ஐந்தாறு கட்டுரைகள், எழுதிக் கொண்டிருக்கும் அத்தியாயம், இன்டர்நெட் பக்கங்கள் ஆகிய எல்லாவற்றையும் மேடைமேல் பரப்பி வைத்தால் 8 ஜி.பி. மேடை திணறும். 16 ஜி.பி. வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்ற வைத்துவிடுகிறார்கள். "பிறகு கூட்டிக் கொள்ளலாம்" என்பது நடக்காது. வாங்கும் தினத்தில் எவ்வளவோ, கடைசி தினம் வரைக்கும் அவ்வளவுதான்.

சாமான் அறைக்குக் கணக்குப் போடுவோம். படம் எடுக்க அனுமதிக்கும் காப்பகத்தில் ஒரு நாளைக்கு 400 பக்கம் படம் எடுக்கிறாள் என்று வையுங்கள். ஒரு படத்துக்கு 4 எம்.பி. என்றால் ஒரு நாளைக்கு 1.6 ஜி.பி. அறுபது நாள் உட்கார்ந்தால் 96 ஜி.பி. ஆகிறது. கணினியின் சொந்த உபயோகத்துக்கே கணிசமான இடம் போய்விடும். ஆகவே 256 ஜி.பி. சீக்கிரம் நிரம்பிவிடும், 512 ஜி.பி. சௌகரியம்.

"விளையாட்டுக்கென்று செய்த கணினி இருக்கிறது, இதே விலையில் சக்தி அதிகம்" என்று கடைக்காரரோ, வீட்டிலுள்ள வாலிபர் யாராவதோ ஆசை காட்டுவார்கள். இரண்டு பேருக்கு ரசம் வைக்கக் கல்யாண அடுப்பு எதற்கு? படங்களை வைத்து ஆராய்கிறவர்கள், பெரிய கணக்குப் போடுகிறவர்கள் ஆகியோருக்கு அந்த அடுப்பு வேண்டியிருக்கலாம். அவர்களும் கூடுமானவரை கல்லூரியிலுள்ள பெரிய கணினியில் வேலையை ஏற்றிவிட்டு, கையில் இலேசானதை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஆட்டி வைக்கலாம்.

ஆப்பிளா, விண்டோஸா என்று கேட்பீர்கள். இது சைவமா வைஷ்ணவமா என்பது மாதிரி, முடிவே கிடையாது! ஆராய்ச்சித் துறையில் உபயோகிக்கும் மென்பொருள் எதில் ஓடுகிறது என்று வழிகாட்டும் பேராசிரியரைக் கேளுங்கள். அதுவே பதில். மென்பொருளுக்கென்று தனியாகப் பணம் கொட்டவும் வேண்டாம். எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ், படித்த நூல்களின் விவரத்தைத் தொகுத்து அடிக்குறிப்புப் போட்டுக் கொடுக்க ஜோட்டெரோ, இரண்டும் இலவசம். இரண்டு வகைக் கணினியிலும் ஓடும்.

மின்சாரமும் ஆகாய விமானமும்

பெட்டியின் மேல் "20 மணி நேரம் ஓடும்" என்று எழுதியிருப்பார்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்துச் சினிமா ஓட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் அது. நாமே போடும் கணக்கு சுலபமானது. பாட்டரியில் எத்தனை வாட்-மணி என்று பாருங்கள். அதை, கணினி மணிக்குச் சாப்பிடும் வாட்டால் வகுத்துவிடுங்கள். 54 வாட்-மணி பாட்டரி, சராசரி 6 வாட் செலவு என்றால் 9 மணி நேரம். காப்பகம் திறந்தது முதல் மூடும் வரை சுவர்ப் பக்கம் இடம் தேடாமல் உட்கார இது போதும். பாட்டரிக்கும் வயதாகும், சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் பலம் குறையும். வீட்டில் எந்நேரமும் மின்சாரத்தில் செருகியே வைப்பதானால், 80 சதவிகிதத்தோடு நிறுத்திக் கொள்ளும்படி கணினியில் கட்டளை கொடுத்து வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லது.

விமானத்தில் போகிறவர்கள் 100 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 100 வாட்-மணி வரையுள்ள பாட்டரிக் கணினியைத் தனி அனுமதியில்லாமல் எடுத்துப் போகலாம். அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியைக் கேட்க வேண்டும். தனியாக எடுத்துப் போகும் பவர் பாங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் சாதாரண பவர் பாங்க் 74 வாட்-மணிதான். ஆகவே கவலையில்லை.

சார்ஜர் துளை "சி" வகையாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2022-ல் சட்டமே செய்துவிட்டார்கள். 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் அந்தத் துளை வேண்டும் என்று தேதி குறித்தார்கள். கணினிக்கும் கைபேசிக்கும் ஒரே சார்ஜர் என்றால் பையில் ஒரு சாமான் குறைகிறது. லண்டனில் மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட்தான். ஆனால் செருகியின் மூன்று முனைகளும் சதுரப் பட்டையாக இருக்கும். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100 வோல்ட். சார்ஜரின் மேல் "100–240" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தால் எந்த ஊரிலும் உபயோகிக்கலாம். முனையை மாற்றும் சிறு செருகி ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

மாமா கொண்டு வருகிறாராம்!

இந்த யோசனை சொல்ல ஒரு மாமா இல்லாத குடும்பம் உண்டா? "அமெரிக்காவிலிருந்து நான் வரும்போது வாங்கி வருகிறேன்" என்பார். வரட்டும். 18 வயது நிரம்பிய பிரயாணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கம் இல்லாமல் நம் நாட்டுக்குள் கொண்டு வரலாம். ஆனால், ரிப்பேர் வந்தால் இந்தியாவில் இலவசமாகச் செய்து தருவார்களா என்பதை வாங்குமுன் எழுத்து மூலமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்ணுக்கு எதிர்த் திசையிலும் இதே கேள்வி இருக்கிறது. இங்கே வாங்கியதற்கு லண்டனில் ரிப்பேர் உண்டா? பிரயாணம் செய்கிறவர்கள் சர்வதேச வாரண்டி இருப்பதை வாங்குவது புத்திசாலித்தனம். கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் ஈடு செய்யும் பாதுகாப்புத் திட்டத்தின் விலையையும் கேட்டு வையுங்கள்.

புதிது வாங்க வசதியில்லையா? ஆபீஸ்கள் கழித்துவிட்ட கணினிகளைச் செப்பனிட்டு விற்கிறார்கள். அவற்றில் உறுதியான நல்ல சரக்கும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூட்டு உடைந்த வீட்டைக் குறைந்த வாடகைக்குப் பிடித்த கதைதான் அது. பாட்டரியில் எவ்வளவு பலம் பாக்கியிருக்கிறது என்பதைக் கணினியே சொல்லும். விற்கிறவரை உங்கள் எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

"அடுத்த மாதம் இதைவிட நல்லது வருகிறதாம், பொறுத்திரு" என்பவர்களும் உண்டு. ஆஸ்போர்ன் கம்பெனியே அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டிப் பேசியதால், வந்தவர்களெல்லாம் காத்திருக்கத் தொடங்கி, இருந்த மாடல் விற்காமல் 1983-ல் திவாலாயிற்று என்று கணினி உலகில் ஒரு கதை வழங்குகிறது. நல்லது எப்போதும் அடுத்த மாதம்தான் வரும். வேலை இந்த மாதம் அல்லவா நடக்க வேண்டும்?

ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்

இதுவரை சொன்னது இயந்திரத்தைப் பற்றி. இயந்திரம் போனால் பணம் போகும். அதற்குள்ளே இருப்பது போனால்?

1922 டிசம்பரில் பாரிஸில் நடந்தது இது. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய ஹெமிங்வே அப்போது பெயர் தெரியாத வாலிபர். வேலையாக சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் இருந்தார். அவரைப் பார்க்கப் புறப்பட்ட மனைவி ஹாட்லி, கணவன் எழுதி வைத்திருந்த கதைகளையெல்லாம் அவருக்கு உதவியாக இருக்குமே என்று ஒரு பெட்டியில் எடுத்து வைத்தாள். கார்பன் பிரதிகளையும் சேர்த்து அதே பெட்டியில் வைத்தாள். ரயில் நிலையத்தில் பெட்டி களவு போயிற்று. இன்றுவரை அகப்படவில்லை. பாவம், நல்லதை நினைத்துச் செய்தவள்தான். பிரதி எடுத்து வைப்பது மட்டும் போதாது, அதை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பதை அவள் கதை நமக்குச் சொல்கிறது.

பெரிய இடங்களுக்கும் இந்தக் கதி வரும். நம் திருச்சிப் பெண் போகப்போகும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில்தான் பழைய இந்தியா ஆபீஸ் காகிதங்கள் இருக்கின்றன. அலமாரித் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுமார் 14 கிலோமீட்டர் வரும். அப்பேர்ப்பட்ட நூலகத்தின் கணினிகளை 2023 அக்டோபரில் திருடர்கள் தாக்கி முடக்கினார்கள். நூல் பட்டியலைத் தேடிப் பார்க்கும் வசதியே 2024 ஜனவரியில்தான் திரும்ப வந்தது. அதுவரை உலகமெங்குமிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் கையைப் பிசைந்தார்கள். "நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டவர்களைவிட, அன்றன்று எடுத்துத் தங்கள் கணினியில் வைத்துக் கொண்டவர்கள் பாக்கியசாலிகள்.

ஆகவே, கணினி வாங்கும்போதே எடுத்துப் போகும் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று கூடப் போகட்டும், ஆனால் கணினி இருக்கும் பையில் அல்ல, வேறு பெட்டியில். தினம் இரவு படுக்குமுன் அன்றைய வேலையை அதில் ஏற்றிவிட வேண்டும். கூடவே இன்டர்நெட் சேமிப்பிலும் ஒரு பிரதி ஏற வேண்டும். இன்னொரு டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். திருச்சி அம்மாளே, அது தங்கள் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மருமகள் ஒவ்வொரு தடவை சென்னையிலிருந்து வந்ததும், "டிஸ்க்கில் ஏற்றி விட்டாயா?" என்று தாங்கள் கேட்க வேண்டும். காபி குடித்தாயா என்று கேட்பது போல் அதுவும் வழக்கமாகிவிட வேண்டும்.

பூட்டையும் மறக்கக் கூடாது. வயல் தகராறு பற்றிக் கிழவர்களைக் கண்டு கேட்டு எழுதிய குறிப்புகள், குடும்பப் பத்திரங்களின் படங்கள் ஆகியவையெல்லாம் மற்றவர்கள் நம்பிக் கொடுத்தவை. கணினி திருட்டுப் போனாலும் உள்ளே இருப்பதை எடுத்துப் படிக்க முடியாதபடி முழுவதையும் ரகசிய எழுத்தாக மாற்றி வைக்கும் ஏற்பாடு இரண்டு வகைக் கணினியிலும் உண்டு. அதைப் போட்டு வையுங்கள். பூட்டைத் திறக்கும் சாவி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். கணினிப் பைக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம்!

கடைக்குப் போகும் தினம்

இத்தனையும் சொன்ன பிறகு, எதை வாங்குவது என்று கம்பெனி பெயர் கேட்பீர்கள். நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் வேலை செய்யப் போகிறவள். வீட்டில் கூடிப் பேசுகிறோம், மகன் ஒன்று சொல்கிறான், மாமா ஒன்று சொல்கிறார், கடைக்காரர் ஒன்று சொல்கிறார். அவளை யாராவது கேட்டோமா? அவளுக்கு விரல் சின்னதா, கண் எப்படி, தோள்பட்டை வலி உண்டா என்பதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்?

அவளையே அழைத்துக்கொண்டு போங்கள். பேரனைத் தாங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் சாவகாசமாக உட்கார்ந்து தட்டிப் பார்க்கட்டும், தூக்கிப் பார்க்கட்டும், தன் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்து பார்க்கட்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சந்தனம், குங்குமம் வைப்பது தங்கள் இஷ்டம். காற்றுப் போகும் துளையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே நன்றாக வேலை வாங்கிப் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் மாற்றிக் கேட்க அதுதான் சமயம். பேரன் விளையாட வேண்டுமானால் வீட்டுக் கணினி இருக்கவே இருக்கிறது. இது அம்மாவுடையது என்று முதல் நாளே அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பில் வாங்காமல் வராதீர்கள். வாரண்டிக்கு அது வேண்டும். வெளிநாடு போய்த் திரும்பும்போது யாராவது கேட்டால் காட்டவும் வேண்டும். பில் எழுதும்போது கடைக்காரர், "யார் பெயர் போடுவது?" என்று தங்கள் மகனைப் பார்த்துக் கேட்பார்.

மருமகள் பெயரைச் சொல்லுங்கள்.